தே சி-யும் டைப் சி-யும்

டைப் சி என்றால் மட்டமான சரக்கு என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். நீங்கள் கடையில் முட்டை வாங்கியதே இல்லையா? கிரேட் ஏ என்றால் கையில் எடுக்கும்போதே கனமாய், கௌரவமாய் இருக்கும். கிரேட் பி கொஞ்சம் இளைத்திருக்கும். கிரேட் சி... கோழி வேண்டாவெறுப்பாகப் போட்டுவிட்டுப் போனது போல இருக்கும். மலேசியாவில் இப்படித் தரம் பிரித்து விற்கும் முட்டையைத் தின்றே நரை கண்டவனிடம் ஒரு வயரைக் கொடுத்து ‘இது டைப் சி’ என்றால் அவன் வேறு என்ன நினைப்பான்?

அந்த வயரின் முனையும் அப்படித்தான் இருந்தது. பழைய வயருக்கெல்லாம் முனை அகலமாய், பட்டையாய் இருக்கும். இது பொடியாய், இரண்டு ஓரமும் மழுங்கி, தலைவலி மாத்திரை மாதிரி இருந்தது. சந்தேகமே இல்லை... கிரேட் சி!

“கல்யாண வீடியோக்காரன் ஏமாத்திட்டான் சரோ! மூணாந்தர வயரை நம்ம தலையில கட்டிட்டான்!” என்று போன ஞாயிற்றுக்கிழமை வீடு அதிரக் கத்தினேன்.

ஏன் கத்தினேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் மனைவி சரோவைத் தெரியும். அவள் தம்பி மணியையும் தெரிந்திருக்கும். நான் ஒரு ஜோக் சொல்லி முடிப்பதற்குள் அதைவிட நல்ல ஜோக் ஒன்றைச் சொல்லி என் பிழைப்பைக் கெடுத்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மேல்மாடிப் பின்னறையில்தான் இருந்தான். வேலை சிங்கப்பூரில். ஜொகூர் பாருவில் பாதிப் பேர் மாதிரி அவனும் இருட்டோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போவான். இருட்டிய பிறகு வருவான்.

போன வருஷம் ஒரு நாள் அப்படிக் கிளம்பினான். மழை. லாரி. அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

அவன் போனும் அவனோடு நொறுங்கிவிட்டது. மிஞ்சியது சரோவின் போனில் இருந்த ஒரே ஒரு குரல் பதிவு. “அக்கா, மழையா இருக்கு, லேட்டாத்தான் வருவேன். மீன் கறிய எடுத்து வைங்க. மாமா கண்ணுல காட்டிறாதீங்க.” இவ்வளவுதான். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் அதைக் கேட்பாள். குழாய் ஏன் சும்மா ஓடுகிறது என்று நான் கேட்டதில்லை. மணியைப் பற்றி அவளும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

போன மாதம் அந்த போன் செத்தது. புது போன் வாங்கினோம். படங்கள் வந்தன. எழுதி அனுப்பிய செய்திகள் வந்தன. யார் யாரோ அனுப்பிய ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூக்கள் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தன. மணியின் குரல் இருந்த இடத்தில் மட்டும் ஒரு வரி வந்தது. இந்த ஆடியோ இங்கே இல்லை, அனுப்பியவரை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று.

அனுப்பியவரிடம் சொல்ல வேண்டுமாம். சொல்லிப் பாருங்களேன்!

சரோ அழவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டாள்.

“ஏங்க, கவி கல்யாணத்துல மணிதானே மைக் புடிச்சான்?”

ஆமாம். எங்கள் மகள் கவியின் கல்யாண விருந்தில் மணிதான் நிகழ்ச்சி நெறியாளர். பல்லைக் குத்திக்கொண்டிருந்த கிழங்களைக்கூடக் கைதட்ட வைத்தான். இடையில் என்னைப் பற்றி ஏதோ சொன்னான். மண்டபமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் நான் மண்டபத்துக்கு வெளியே, ‘பிரியாணி பத்தாது’ என்று சொன்ன சமையல்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஆளைப் பிடித்து, “டேய், என்னைப் பத்தி என்னடா சொன்ன?” என்று கேட்டேன்.

“வீடியோவுல பாத்துக்குங்க மாமா” என்றான்.

பார்த்தேனா? கல்யாண வீடியோவை முழுசாகப் பார்த்த ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள். சின்னதாக ஒரு துண்டு போனில் வரும். அதை ஊருக்கெல்லாம் அனுப்புவோம். எல்லாரும் ‘சூப்பர்’ என்று விரல் காட்டுவார்கள். முழு வீடியோ இருக்கும் டிரைவ் மட்டும் துணி அலமாரிக்குள், பட்டுச் சேலைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் படுத்திருந்தது.

“அதுல மணி பேசுறது இருக்கும்ல?” என்றாள் சரோ. “திதிக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுட்டேன்னா போதும்.”

வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலமாக எதையும் கேட்காதவள் கேட்ட ஒரே விஷயம். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘பார்க்கலாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்?

“இதென்ன பெரிய விஷயமா? குத்துனா வந்துரப் போகுது” என்றேன்.

குத்துவதற்குத்தான் ஓட்டை இல்லை.

எங்கள் கம்ப்யூட்டர், கவி இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போது வாங்கியது. குட்டி பிரிட்ஜ் அளவுக்கு ஒரு பெட்டி, அதற்கொரு திரை, இரண்டு ஸ்பீக்கர். இந்தப் பத்தியை நான் அடிப்பதும் அதில்தான். முன்னால் இரண்டு ஓட்டை. எல்லாம் அகலமான பழைய ஓட்டை. டிரைவோடு வந்த வயருக்கோ இந்தப் பக்கமும் மாத்திரை, அந்தப் பக்கமும் மாத்திரை. டிவியில் குத்த வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதற்குப் பின்னாலும் அதே அகல ஓட்டை. சரோவின் புது போனில் மாத்திரை ஓட்டை இருந்தது, குத்திப் பார்த்தேன். ‘இவ்வளவு பெரிய பாரத்தை என்னால் சுமக்க முடியாது’ என்கிற மாதிரி போன் ஏதோ சொல்லிவிட்டுக் கைகழுவியது.

யார் இந்த ஓட்டைகளை உட்கார்ந்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? நாம் என்ன ஓட்டை பிடிக்கவில்லை என்று ஊர்வலமா போனோம்? பழைய ஓட்டையில் புது வயர் போகாது. புது ஓட்டையில் பழைய வயர் போகாது. போவதெல்லாம் நம் உயிர்தான்.

இந்த இடத்தில்தான் மகள் கவிக்கு போன் போட்டேன். அவள் கோலாலம்பூரில் இருக்கிறாள்.

“அது டைப் சி ப்பா. ஒரு கன்வெர்ட்டர் வாங்குனா போதும். நான் ஆன்லைன்ல ஆர்டர் பண்றேன், வெயிட் பண்ணுங்க.”

டைப் சி! அப்போதுதான் நான் முட்டையை நினைத்தேன். வீடு அதிரக் கத்தினேன். காத்திருக்கவெல்லாம் முடியாது. சரோ அதற்குள் நாற்காலியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுத் தேவன் வாடகைக்குக் கார் ஓட்டுபவர். எந்நேரமும் வெளியில்தான் இருப்பார். அவரைக் கூப்பிட்டேன்.

“தேவன், வர்றப்ப ஒரு டைப் சி கன்வெர்ட்டர் வாங்கிட்டு வாங்க. அவசரம்!”

“என்னாண்ணே? சத்தமா இருக்கு... தே சி-யா?”

“ஆமா, டைப் சி! சீக்கிரம்!”

சீக்கிரமாகவே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஆவி பறக்கும் தேநீர். வாயில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, ஸ்ட்ரோ சொருகியிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் ஊர்த் தெருவோர ஒட்டுக்கடையில் ‘தே சி’ என்றால் டின் பால் ஊற்றிய டீ.

“சீனி போடாமதான் வாங்கினேன். உங்களுக்குத்தான் இனிப்பு நீராச்சே!” என்றார் தேவன், என் சர்க்கரை வியாதியை ஞாபகம் வைத்து, ஏதோ என் உயிரைக் காப்பாற்றிவிட்டவர் போல.

“யோவ், நான் கேட்டது டைப் சி! கம்ப்யூட்டர்ல குத்துறது!”

“அலாமாக்! டீக்கு இவ்வளவு அவசரமான்னு நானும் யோசிச்சேன்ணே. சரி, அக்காவுக்குத் தலைவலி போல லா-ன்னு நெனச்சிக்கிட்டேன்.”

சரோ திரையைப் பார்த்தபடியே இருந்தாள். சிரிக்கவில்லை. நான் அந்த டீயைக் குடித்தேன். ஆறினால் வீணாகிவிடும் அல்லவா? நெருக்கடி நேரத்திலும் வயிறு தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

தேவன் காரிலேயே பிளாசா கடைத்தொகுதிக்குப் போனோம். கம்ப்யூட்டர் கடையில் ஒரு சீன அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, “நாக் அப்பா, அங்கள்?” என்றாள். என்ன வேண்டும் என்று மலாயில் கேட்கிறாள். நான் டிரைவையும் வயரையும் மேசைமேல் வைத்து, நிமிர்ந்து நின்று, விஷயம் தெரிந்தவனாகச் சொன்னேன்:

“இந்த சி எனக்கு வேண்டாம். ஏ குடுங்க. டைப் ஏ.”

“சி-யிலேர்ந்து ஏ-யா?”

“ஆமாம். ஏ-தான் வேண்டும். சி எல்லாம் வேண்டாம்.”

“மேல் ஆர் ஃபீமேல்?”

ஆணா, பெண்ணா? இதென்ன கேள்வி? கன்வெர்ட்டர் வாங்க வந்தவனிடம் எதற்கு இந்த விசாரணை? என்றாலும் கேட்டுவிட்டாளே.

“மேல்” என்றேன். மீசை இருக்கிறது; தெரியவில்லையா?

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சாமானை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் தேவனுக்கு கிரேட் ஏ-யின் பெருமையை விளக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால்... அந்தச் சாமானின் ஒரு பக்கம் அகல ஓட்டை. மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மாத்திரை முனை. என் வயரிலும் நீட்டிக்கொண்டிருப்பது மாத்திரை முனை. இவனும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், அவனும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். கையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. கம்ப்யூட்டரில் அகல ஓட்டை, இதிலும் அகல ஓட்டை. இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றையொன்று பார்த்தன. நானும் மூன்றாவதாக வாயைப் பிளந்தேன்.

“சரியா வரலையா?” என்றாள் சரோ.

“வந்துரும். சின்ன மாற்றம்தான்.”

மறுபடி பிளாசா. மறுபடி அதே அம்மா. “அங்கள், நீங்க மேல்னு சொன்னீங்க. நான் மேல் கொடுத்தேன்” என்றாள் மலாயில். நியாயம்தான். அவள் கேட்டது ஆளை இல்லையாம்; நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்குப் பெயர் மேல், ஓட்டைக்குப் பெயர் ஃபீமேல். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் முகத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன், அதைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள்.

“இனி மியூசியம் புன்யா, அங்கள்” என்றாள். மியூசியத்துச் சாமானாம். கம்ப்யூட்டரைச் சொன்னாளா, ஆளைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. சரியான கன்வெர்ட்டரை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

வயரின் மாத்திரை முனை கன்வெர்ட்டருக்குள் போனது. கன்வெர்ட்டர் கம்ப்யூட்டரின் முன் ஓட்டைக்குள் போனது. எல்லாம் சிக்கென்று உட்கார்ந்தன. ஆகா! உலகத்தில் இதைவிட இன்பம் உண்டா? வெற்றி வீரனாகச் சரோவைத் திரும்பிப் பார்த்தேன்.

டிரைவ், ‘டக்’ என்றது.

அப்புறம் ‘டக்... டக்... டக்...’ என்றது. உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. உடைத்துவிட்டேனா? கடைக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்ததில் கீழே இடித்துவிட்டேனா? காரில் தேவனிடம் கை ஆட்டி ஆட்டிப் பேசினேனே, அந்தக் கையில்தானே டிரைவ் இருந்தது? அதற்குள் இருப்பது வெறும் வீடியோ இல்லை. மணி. இன்னொரு மணி கிடையாது. இரண்டாவது தடவை என் கையில் வைத்தா போக வேண்டும்?

பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். முகம் கழுவினால் டிரைவ் சரியாகும் என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கழுவினேன். சோப்புப் போட்டே கழுவினேன்.

திரும்பி வந்தால் திரையில் ஒரு கேள்வி. இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமென்றால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

அப்பாடா! வாயைத் திறந்து கேட்டதே! ஃபார்மட்தானே? ஆபீஸில் தினமும் கேட்கிற வார்த்தை. ‘இந்தக் கடிதத்தை நல்ல ஃபார்மட்ல போட்டுக் கொண்டு வாங்க’ என்பார் மேனேஜர். ஓரம் சரிசெய்து, பத்தி பிரித்து, அழகாகக் கொடுப்போம். வீடியோவையும் அப்படி ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்கிறது. எவ்வளவு மரியாதையான கம்ப்யூட்டர்!

அம்புக்குறியை ‘யெஸ்’ மேல் கொண்டுபோய் வைத்தேன்.

“என்னமோ கேக்குதே, என்னா அது?” என்றாள் சரோ.

“ஒண்ணுமில்ல. யெஸ்னு சொல்லணும்.”

“என்னான்னு தெரியாமலேவா? நான் ஒண்ணு கேட்டா, ஆமான்னு வாயில வர ஒரு வாரம் ஆகுது. அது கேட்டா மட்டும் உடனே யெஸ்ஸா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளிடம் நான் சரியென்று நிரூபிப்பதற்காகவே கவிக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். திரையில் இருந்ததைக் கம்பீரமாகப் படித்தேன்.

“அப்பா!” அப்படி ஒரு அலறலை அவளிடம் நான் கேட்டதில்லை. “தொடாதீங்க! நோ குத்துங்க! யெஸ் குத்துனா எல்லாம் அழிஞ்சிரும் ப்பா! சுத்தமா அழிஞ்சிரும்!”

கையை மவுஸிலிருந்து எடுத்தேன். இன்னும் ஒரு விரல் அழுத்தம்... அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. போன வருஷம் லாரி செய்ததை நான் ஒரு விரலால் செய்து முடித்திருப்பேன். அதுவும் ‘அழகாக்குகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு.

சரோ மவுஸை எடுத்துத் தன் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

“அம்மா, பயப்படாதீங்க. டிரைவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது” என்றாள் கவி. “பழைய கம்ப்யூட்டர்ல முன்னாடி இருக்குற ஓட்டையில கரண்டு பத்தாது. அதான் இங்க வரைக்கும் டக் டக்னு கேக்குது. வயர கன்வெர்ட்டரோட பின்னாடி ஓட்டையில குத்தச் சொல்லுங்க.”

பின்னால் என்றால் மேசைக்கு அடியில். என் வயிற்றைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பயணம் என்று புரியும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முழங்காலிட்டு, நாலு காலில் உள்ளே போனேன். தூசி. ஒட்டடை. கவி பள்ளிக்கூட நாளில் தொலைத்த ரப்பர். இரண்டு பல்லி முட்டை... கிரேட் சி-யை விடச் சின்னது. தலையை மேசையில் இடித்துக்கொண்டு, தட்டுத்தடவி, ஒருவழியாகக் குத்தினேன்.

டக் டக் நின்றது. டிரைவின் விளக்கு நின்று எரிந்தது.

“வந்துருச்சிங்க!” என்று மேலேயிருந்து சரோவின் குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு வெகுநாளாயிற்று.

நான் ஊர்ந்து வெளியே வந்து பார்த்தபோது அவள் நாற்காலியில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். வீட்டு உடையை மாற்றிச் சேலை கட்டி, தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள். தம்பியைப் பார்க்கப் போகிறாள் அல்லவா?

தேவனும் உட்கார்ந்தார். அவரும் அந்த விருந்துக்கு வந்தவர்தான். ‘டின்னர்’ என்றிருந்ததைத் திறந்தேன். கவியும் மாப்பிள்ளையும் நடந்து வந்தார்கள். பாட்டு ஓடியது. சினிமாப் பாட்டு. சரி, ஆரம்பத்தில் பாட்டு இருக்கத்தான் செய்யும். கொஞ்சம் தள்ளிவிட்டேன்.

மணி வந்தான். பளபளக்கும் நீல ஜிப்பா. ஒரு கையில் மைக், இன்னொரு கை இடுப்பில். வாயைத் திறந்தான்.

பாட்டு ஓடியது.

“சத்தத்தக் கூட்டுங்க” என்றாள் சரோ.

கூட்டினேன். பாட்டு பெரிதாகக் கேட்டது. காதலி மலைமேல் ஓடுகிறாள் போலிருக்கிறது. பின்னால் ஓடிக்கொண்டே ஒருவன் பாடினான். மணியின் வாய் அசைந்தது. கூட்டம் சிரித்தது, அதற்கும் சத்தமில்லை. மணி மறுபடி ஏதோ சொன்னான். வாசல் பக்கம் கையைக் காட்டினான். அங்கே நான் நின்றிருக்க வேண்டும். வெள்ளை வேட்டி கட்டிய முதுகு ஒன்று சமையல்காரரிடம் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பாட்டுக்கு அடியில எங்கயாச்சும் இருக்கானான்னு பாருங்க” என்றாள் சரோ. ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்டேன். அடியில் தபலா இருந்தது. புல்லாங்குழல் இருந்தது. மணி இல்லை.

அந்தப் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்கியது. தள்ளிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். தாலி கட்டுவதைத் திறந்தேன், நலுங்கைத் திறந்தேன். எங்கும் பாட்டு. அத்தனை மணி நேரத்தில் ஒரு மனுஷன் பேசுவது ஒரு இடத்தில்கூட இல்லை.

வீடியோக்காரரைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்; மரியாதையான ஆள்.

“ஆமா அங்கிள், எல்லாருக்கும் அப்படித்தான் போடுறது. ஹால்ல எக்கோ அடிக்கும். தட்டு சத்தம், புள்ளைங்க அழுவுற சத்தம் எல்லாம் வரும். கேக்க நல்லா இருக்காது. அதான் புல்லா பாட்டு.”

“பேசுனது தனியா இருக்கும்ல? ஒரிஜினல்?”

“அதெல்லாம் டெலிவரி பண்ணதும் அழிச்சிருவோம் அங்கிள். இடம் பத்தாது. ஏன் அங்கிள், பாட்டு புடிக்கலையா? வேற பாட்டு வேணும்னா சொல்லுங்க, ஃப்ரீயா மாத்திக் குடுக்கிறேன்.”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் என்ன செய்வார்? நாம்தான் இப்படிப் பழகிவிட்டோம். கல்யாணமா, பாட்டு. காதுகுத்தா, பாட்டு. செத்தவர் படத்தை வரிசையாகக் காட்டினால் அதற்கும் ஒரு சோகப் பாட்டு. நாம் பேசினதை நாமே திரும்பக் கேட்போம் என்று எவனாவது நினைத்தானா? கேட்டால் கேவலமாக இருக்குமாம்! எவனோ ஸ்டூடியோவில் ஏசி போட்டுப் பாடியது போதுமாம்!

அப்புறம் தேவனிடம் கேட்டேன். “நீங்கதான் உள்ள இருந்தீங்களே. என்னைப் பத்தி என்னதான் சொன்னான்?”

தேவன் நெற்றியைத் தேய்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

“சிரிச்சேன்ணே. அது நல்லா ஞாபகம் இருக்கு. வயிறு வலிக்கச் சிரிச்சேன். என்னா சொன்னான்னுதான்...”

கவிக்கும் ஞாபகமில்லை. மேடையில் இருந்தவள், சேலை நழுவுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். மாப்பிள்ளை, ‘செமையா பேசுனாரு மாமா’ என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மண்டபம் நிறைந்த கூட்டம். அத்தனை பேரும் கேட்டார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவரிடமும் ஒரு வார்த்தை இல்லை. சிரிப்பு மட்டும் இருக்கிறது.

நான் உங்களிடம் மறைக்காமல் சொன்னேன் அல்லவா, டைப் சி-யை மட்டமான சரக்கு என்று நம்பினேன் என்று? அது ஒரு முட்டாள்தனம். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றும் என்னிடம் இருந்தது. ஓட்டை பொருந்திவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்பியது.

ஓட்டை பொருந்தியது. வயரில் குறையில்லை. டிரைவில் குறையில்லை. மியூசியத்துக் கம்ப்யூட்டர்கூட முக்காமல் முனகாமல் ஓடியது. திரையில் மணி மைக்கை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு நின்றான். ஸ்பீக்கரில் யாரோ ஒருவன் தன் காதலியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சரோ எழுந்தாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு ஸ்பீக்கர் வயரைத் தேடிப் பிடித்தாள். அன்று முழுக்க நாங்கள் குத்தியதிலும் பிடுங்கியதிலும் அது ஒன்றுதான் ஒரே இழுப்பில் வந்தது.

பாட்டு நின்றது. மணி பேசிக்கொண்டே இருந்தான்.